நகர்வது துகளா, நீரா?

தலைமுடியின் தடிமன் அளவே அகலம் கொண்ட ஒரு கால்வாயைக் கண்ணாடித் தகட்டில் செதுக்கி, மேலே இன்னொரு கண்ணாடியை ஒட்டி மூடியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே, சிறிதளவு உப்பு கரைந்த நீர். நீருக்குள் ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் உருண்டைகள் மிதக்கின்றன. கால்வாயின் இரு முனைகளிலும் பிளாட்டினக் கம்பிகளை இறக்கி, மின்னழுத்தம் கொடுத்து, நுண்ணோக்கியில் பார்க்கிறோம். உருண்டைகளின் மேற்பரப்பில் இருப்பது எதிர்மின்சுமை. பள்ளியில் படித்தபடி அவை நேர்மின்முனையை நோக்கி ஓட வேண்டும். கண்ணெதிரே நடப்பதோ வேறு. உருண்டைகள் எதிர்மின்முனையை நோக்கிப் போகின்றன.

இதைப் பார்ப்பவர் முதலில் கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டோமோ என்றுதான் சோதிப்பார். இணைப்பில் பிழையில்லை. உருண்டையின் மின்சுமையை அளந்து சொன்ன கருவியிலும் பிழையில்லை. பிழை நம் பார்வையில் இருக்கிறது: நுண்ணோக்கியில் துகள் தெரிகிறது, நீர் தெரிவதில்லை. தெரிவதை மட்டுமே மின்புலம் இழுக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். நுண்கால்வாய்களில் மின்புலத்தைக் கொண்டு துகள்களை நகர்த்தும் வேலை முழுவதிலும், ஒரு துகள் அசைந்ததைக் கண்டவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நகர்ந்தது துகளா, அதைச் சூழ்ந்த நீரா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போனால், பெயர்களால் மிரட்டும் இந்தத் துறையின் பெரும்பகுதி தானாகவே பிடிபடும்.

கேள்வி பழையது. வோல்ட்டா தம் மின்கல அடுக்கை 1800இல் அறிவித்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1807இல், மாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் ராய்ஸ் அதைக் களிமண்ணில் சோதித்தார். ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களைச் செருகி, அடியில் கழுவிய மணலும் மேலே நீரும் நிரப்பி, இரண்டிலும் மின்முனைகளை இறக்கினார். நேர்மின்முனை இருந்த குழாயில் களிமண் துகள்கள் மணலைத் தாண்டி மேலேறி நீரைக் கலங்கலாக்கின. எதிர்மின்முனை இருந்த குழாயில் நீர் தெளிவாகவே இருந்தது, ஆனால் அதன் மட்டம் உயர்ந்தது. துகள்கள் ஒரு பக்கம், நீர் மறு பக்கம். இரண்டையும் ஒரே சோதனையில், ஒரே மேசையில் அவர் பார்த்துவிட்டார். முதலாவதற்கு எலக்ட்ரோஃபோரசிஸ் என்றும் இரண்டாவதற்கு எலக்ட்ரோ ஆஸ்மாசிஸ் என்றும் பின்னாளில் பெயர் வந்தது.

தமிழ்ப் பாடநூல்களில் இவற்றுக்கு ‘மின்முனைக் கவர்ச்சி’, ‘மின்னாற் சவ்வூடு பரவல்’ என்ற பெயர்களைப் பார்க்கலாம். சொல்லாக்கத்தில் உழைத்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த இரண்டு பெயர்களும் மாணவரைத் தவறான திசைக்குத் திருப்பிவிடும் என்றே நினைக்கிறேன். முதலாவதில் மின்முனை துகளைக் கவர்வதில்லை. இரண்டாவதில் சவ்வு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஒரு வெறுங்குழாய் போதும். அதனால் இங்கே ஒலிபெயர்த்த பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

சுவரை ஒட்டிய ஒரு மெல்லிய தோல்

கண்ணாடி நீரைத் தொட்டதும் அதன் மேற்பரப்பில் ஒரு வேதிமாற்றம் நடக்கிறது. அங்குள்ள சிலிக்கான்–ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதிகளில் பல, தம் ஹைட்ரஜனை நேர் அயனியாக நீருக்குள் விட்டுவிடுகின்றன. மிஞ்சும் ஆக்சிஜன் எதிர்மின்சுமையோடு சுவரிலேயே தங்குகிறது. சுவர் எதிர்மின்சுமை பெற்றதும் நீரிலுள்ள நேர் அயனிகள் அதை நோக்கி வருகின்றன. ஆனால் அவை சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதில்லை. வெப்பத்தின் அலைக்கழிப்பு அவற்றை ஓயாமல் விலக்கிக்கொண்டே இருக்கிறது. ஈர்ப்பும் இந்த அலைச்சலும் ஒன்றையொன்று சரிக்கட்டும் இடத்தில், சுவரை ஒட்டி நேர் அயனிகள் மிகுந்த ஒரு மெல்லிய மூட்டம் உருவாகிறது. சுவரின் மின்சுமையும் இந்த மூட்டமும் சேர்ந்ததுதான் மின் இரட்டை அடுக்கு.

அந்த மூட்டம் எவ்வளவு மெல்லியது? லிட்டருக்கு ஒரு மில்லிமோல் உப்பு கரைந்த நீரில் சுமார் 10 நானோமீட்டர். உடல் திரவத்தின் அளவுக்கு உப்பு இருந்தால் ஒரு நானோமீட்டரும் இல்லை. கால்வாயின் அகலம் 100 மைக்ரோமீட்டர் என்றால், 10 நானோமீட்டர் என்பது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய இடத்துக்குள் 50 மில்லிவோல்ட் அளவு மின்னழுத்தம் சரிகிறது. வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 50 லட்சம் வோல்ட். காற்று மின்னல் பொறியாக உடைவதற்கு மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட் போதும். வெளிப்பார்வைக்கு அமைதியாகக் கிடக்கும் நீரும் கண்ணாடியும் சந்திக்கும் எல்லையில், எந்த மின்கலமும் இணைக்கப்படாத நிலையிலேயே, அதைவிடக் கடுமையான ஒரு மின்புலம் எப்போதும் நிற்கிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த நாளின் வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

இனி, கால்வாயின் நீளவாக்கில் வெளியிலிருந்து ஒரு மின்புலத்தைச் செலுத்துவோம். கால்வாயின் நடுவிலுள்ள நீரில் நேர் அயனியும் எதிர் அயனியும் சமம். அதனால் மின்புலம் அந்த நீரை மொத்தமாகப் பிடித்து இழுக்க வழியில்லை. சுவரோர மூட்டத்தில் மட்டும் நேர் அயனிகள் கூடுதல். மின்புலத்தின் பிடி அங்கேதான் விழுகிறது. அந்த அயனிகள் எதிர்மின்முனையை நோக்கிக் கிளம்பும்போது தம்மைச் சூழ்ந்த நீரையும் இழுக்கின்றன. அந்த நீர், தன் பாகுத்தன்மையால் அடுத்த படலத்தை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை. சற்று நேரத்தில் கால்வாய் நீர் முழுவதும், நான்கு பக்கச் சுவர்களிலும் ஓடும் பட்டைகளைப் பொருத்தியது போல, ஒரே வேகத்தில் வழுக்கிச் செல்கிறது. இதுதான் எலக்ட்ரோ ஆஸ்மாசிஸ்.

ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1879இல் இதற்கு அடித்தளம் போட்டார். போலந்து இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி 1903இல் செப்பனிட்டார். அவர்கள் தந்த வாய்பாட்டில் நான்கே அளவுகள் உண்டு: நீரின் மின் விடுதிறன், சுவரோர வழுக்குப் பரப்பில் உள்ள மின்னழுத்தம், வெளி மின்புலம், நீரின் பாகுநிலை. முதல் மூன்றையும் பெருக்கி நான்காவதால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். வழுக்குப் பரப்பிலுள்ள அந்த மின்னழுத்தத்தை ஜீட்டா மின்னழுத்தம் என்பார்கள். அது 60 மில்லிவோல்ட், வெளி மின்புலம் சென்டிமீட்டருக்கு 100 வோல்ட் என்றால், நீர் வினாடிக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் நகரும்.

வாய்பாட்டில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். கால்வாயின் அகலம் அதில் எங்குமே வரவில்லை. அழுத்தம் கொடுத்து நீரைத் தள்ளினால் கதை வேறு: குழாயின் ஆரத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் கிடைக்கும் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மின்புலத்தால் நகர்த்தினால் வேகம் அப்படியே இருக்கும். குறுக்குவெட்டுப் பரப்பு குறைந்த அளவுக்கு, அதாவது நான்கில் ஒரு பங்காக மட்டுமே ஓட்டம் குறையும். கால்வாய் நுண்ணியதாக ஆக ஆக, பம்பு தோற்றுப்போகும் இடத்தில் மின்புலம் ஜெயிக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. அழுத்தத்தால் ஓடும் நீர் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகும்; அதில் விட்ட மாதிரித் துளி அம்புமுனைபோல் நீண்டு கலைந்துவிடும். மின்புலத்தால் நகரும் நீரில் துளி பெரிதும் குலையாமல் போய்ச் சேரும். பிரித்தறியும் சோதனைகளுக்கு இது பெரிய வரம்.

சுவரை அவிழ்த்துவிட்டால் துகள்

இப்போது துகளுக்கு வருவோம். பாலிஸ்டைரீன் உருண்டையும் ஒரு சுவர்தான், வளைந்து மூடிக்கொண்ட சுவர். அதைச் சுற்றியும் நேர் அயனி மூட்டம் உண்டு. உருண்டையின் எதிர்மின்சுமையையும் மூட்டத்தின் நேர்மின்சுமையையும் கூட்டினால் சுழி. மொத்தத்தில் மின்சுமையே இல்லாத ஒன்றை மின்புலம் எப்படி நகர்த்துகிறது?

விடை எளிது, அழகானதும்கூட. மூட்டம் எதிர்மின்முனைப் பக்கம் வழுக்குகிறது. கண்ணாடிச் சுவர் அசையாமல் நிற்பதால் அங்கே நீர் ஓடியது. இங்கே சுவருக்குப் பிடிமானம் இல்லை. அதனால் ஓடுபட்டைமேல் எதிர்த்திசையில் காலை உந்துவதுபோல, உருண்டை தன் தோலின்மேல் வழுக்கி நேர்மின்முனையை நோக்கிப் போகிறது. எலக்ட்ரோஃபோரசிஸ் என்பது அவிழ்த்துவிடப்பட்ட சுவரின் எலக்ட்ரோ ஆஸ்மாசிஸ்தான். வாய்பாடும் அதுவே, ஜீட்டா மட்டும் துகளுடையது. அயனி மூட்டம் துகளைவிட மிக மெல்லியதாக இருக்கும்வரை துகளின் அளவோ வடிவமோகூட வேகத்தைப் பாதிக்காது.

இனி முதல் பத்தியின் புதிர் அவிழ்கிறது. சுவரின் ஜீட்டா 60 மில்லிவோல்ட், உருண்டையினுடையது 30 என்று கொள்வோம், இரண்டுமே கழித்தல் குறியில். உருண்டை வினாடிக்கு 0.2 மில்லிமீட்டர் வேகத்தில் நேர்மின்முனையை நோக்கி நீந்துகிறது. ஆனால் அது நீந்தும் ஆறே 0.4 மில்லிமீட்டர் வேகத்தில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. கரையிலிருந்து பார்க்கும் நமக்கு, உருண்டை எதிர்மின்முனையை நோக்கி 0.2 மில்லிமீட்டர் வேகத்தில் போவதுதான் தெரியும். நீந்துவது ஒரு திசை, போய்ச்சேர்வது மறு திசை.

இந்த ஆற்றை எதிரியாகவும் பார்க்கலாம், துணையாகவும் பயன்படுத்தலாம். ஸ்வீடனின் ஆர்னே டிசேலியுஸ் 1937இல் ரத்த நீர்மப் புரதங்களை மின்புலத்தால் பிரித்து ஆல்ஃபா, பீட்டா, காமா குளோபுலின்களை அடையாளம் காட்டினார். 1948இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய பெரிய தொல்லை வெப்பம். மின்னோட்டம் நீரைச் சூடாக்க, சூடான நீர் மேலெழுந்து புரதங்களின் எல்லையைக் கலைத்தது. நீர் தன் உச்ச அடர்த்தியில் இருக்கும் 4 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சோதனையை நடத்தி, அந்தக் கலக்கத்தை அடக்கினார். 1981இல் ஜோர்கன்சனும் லூகாக்ஸும் வேறு வழியில் போனார்கள். 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள கண்ணாடி இழைக்குழாயில் 30 ஆயிரம் வோல்ட் வரை கொடுத்தார்கள். குழாய் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் வெப்பம் உடனுக்குடன் வெளியேறியது. எலக்ட்ரோ ஆஸ்மாசிஸ் நீரோட்டம் நேர், எதிர், நடுநிலை மூலக்கூறுகள் மூன்றையும் ஒரே கடைவாயிலுக்குச் சுமந்து வர, ஒரே கண்டறிகருவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் ஆந்த்ரேயாஸ் மான்ஸ், ஜெட் ஹாரிசன் முதலியோர் அதே குழாயைக் கண்ணாடிச் சில்லில் செதுக்கினார்கள். சில்லில் ஆய்வகம் என்று இன்று பேசப்படும் துறையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

டிஎன்ஏ இதில் தனி வகை. அதன் நீளம் இரட்டித்தால் மின்சுமையும் இரட்டிக்கிறது, நீரின் உராய்வும் இரட்டிக்கிறது. ஆகவே வெறும் நீரில் குட்டை டிஎன்ஏவும் நெட்டை டிஎன்ஏவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் போகும். நீளத்தின்படி பிரிக்க வேண்டுமென்றால் வழியில் ஒரு சல்லடை வேண்டும். ஜெல்லோ நீள்சங்கிலிப் பாலிமர் கரைசலோ அந்தச் சல்லடையாகிறது. மனித மரபணுத் தொகுதியை வாசித்த இழைக்குழாய்க் கருவிகளுக்குள் இருந்தது அத்தகைய பாலிமர்தான்.

டிஎன்ஏ பற்றி இன்னொரு அளவீட்டையும் சொல்லாமல் விட மனமில்லை. 2006இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் உல்ரிஹ் கைசரும் சக ஆய்வாளர்களும், சில நானோமீட்டர் துளைக்குள் மின்புலம் டிஎன்ஏவை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதை, குவித்த லேசர் ஒளியால் நுண்பொருள்களைப் பிடிக்கும் ஒளி இடுக்கியால் பிடித்து நேரடியாக அளந்தார்கள். மில்லிவோல்ட்டுக்கு 0.24 பிக்கோநியூட்டன் (ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). டிஎன்ஏ ஏணியின் ஒவ்வொரு படியான கார இணைக்கும் இரண்டு எலக்ட்ரான் மின்சுமை இருக்க வேண்டும். அளந்த விசையோ அரை எலக்ட்ரானுக்குத்தான் கணக்கானது. முக்கால் பங்கு எங்கே போனது? கரைசலின் உப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள், எண் மாறவில்லை. துளையின் அளவு மாறினால் விசையும் மாறுவதைப் பின்னர் 2009இல் அதே ஆய்வகம் காட்டியது. டிஎன்ஏவைச் சூழ்ந்த அயனி மூட்டம் எதிர்த்திசையில் ஓடி, நீரை இழுத்து, அந்த நீர் டிஎன்ஏவைப் பின்னுக்கு இழுக்கிறது என்பதுதான் விளக்கம். ஒற்றை மூலக்கூறு அளவிலும் நீர் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

மின்சுமையே இல்லாததை நகர்த்துதல்

இதுவரை சொன்னதெல்லாம் மேற்பரப்பு மின்சுமையை நம்பியது. அது தேவைப்படாத வேறொரு வழியும் உண்டு. தலையைச் சீவிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். காகிதத்தில் நிகர மின்சுமை இல்லை. சீப்பின் மின்புலம் காகிதத்துக்குள் நேர், எதிர் மின்சுமைகளைச் சற்றே பிரித்து அதை இருமுனையாக்குகிறது. சீப்புக்கு அருகில் மின்புலம் வலியது, தள்ளிப்போகப் போக மெலிகிறது. அருகிலுள்ள முனை பெறும் இழுப்பு, தூரத்து முனை பெறும் தள்ளலைவிட அதிகம். மிச்ச விசை காகிதத்தை இழுக்கிறது. மின்புலம் எங்கும் ஒரே அளவாக இருந்திருந்தால் இரண்டும் சரிக்குச் சரியாகி, காகிதம் அசைந்திருக்காது.

இதையே நீர்மத்துக்குள் முறையாக ஆராய்ந்து, 1951இல் டைஎலக்ட்ரோஃபோரசிஸ் என்று பெயரிட்டவர் அமெரிக்காவின் ஹெர்பர்ட் போல். நீர்மத்துக்குள் வரும்போது கணக்கில் ஒரு திருப்பம் சேர்கிறது. துகள் மட்டுமல்ல, சூழ்ந்த நீரும் முனைவுறுகிறது, அதாவது இருமுனையாகிறது. நீரைவிடத் துகள் எளிதில் முனைவுற்றால், மின்புலம் வலுத்த இடத்துக்குத் துகள் போகும். துகளைவிட நீர் எளிதில் முனைவுற்றால், அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டு துகளை வெளியே தள்ளிவிடும். ஹீலியம் பலூன் மேலே போவதும் இப்படித்தான்: பூமி அதை மேலே தள்ளவில்லை, அதைவிடக் கனமான காற்று கீழிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மறுபடியும் அதே கேள்வி, அதே விடை. விலகிப்போகும் துகளைப் பார்க்கும்போது, உள்ளே வந்த நீரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

விசை மின்புலத்தின் இருமடியின் சரிவைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டத்தின் திசை மாறினாலும் விசையின் திசை மாறாது. ஆகவே மாறுதிசை மின்னழுத்தமே போதும். அதிர்வெண்ணையும் நம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம். அந்தத் தேர்வுதான் உயிரணு ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பொக்கிஷம். உயிரணுவின் சவ்வு சில நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் படலம். குறைந்த அதிர்வெண்ணில் அது மின்னோட்டத்தை உள்ளே விடாது. உயிரணு முழுவதும் காப்புப் பொருள்போல நடந்துகொண்டு வலுத்த புலத்தைவிட்டு விலகும். அதிர்வெண்ணை ஏற்றினால் சவ்வு மின்தேக்கிபோலச் செயல்பட்டு மின்னோட்டத்தைக் கடத்தும். உள்ளே உப்பு மிகுந்த நீர் இருப்பதால் அணு இப்போது கடத்தியாகி, வலுத்த புலத்தை நோக்கி வரும். திசை திரும்பும் அந்த அதிர்வெண், அணுவின் அளவையும் சவ்வின் நிலையையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இறந்த அணுவின் சவ்வு ஓட்டை. அதன் நடத்தை முற்றிலும் வேறு. போலும் ஹாக்கும் 1966இலேயே உயிருள்ள ஈஸ்ட் அணுக்களை இறந்தவற்றிலிருந்து இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். 1995இல் பெக்கர், காஸ்காய்ன் முதலியோர் ரத்தத்தில் கலந்த மார்பகப் புற்றணுக்களைப் பிரித்தார்கள். புற்றணுவின் சவ்வு மடிப்பு மடிப்பாக இருப்பதால் அதன் மின்தேக்குதிறன் அதிகம், திசை திரும்பும் அதிர்வெண் குறைவு. சாயமோ எதிர்ப்பொருளோ ஒட்டாமல் அணுவை அதன் சொந்த இயல்பைக் கொண்டே அடையாளம் காண்பது என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

போலின் காலத்தில் இது ஏன் பரவலாகவில்லை? அளவுதான் காரணம். விசை, மின்னழுத்தத்தின் இருமடியை மின்முனை இடைவெளியின் மும்மடியால் வகுத்தால் வரும் அளவைப் பின்தொடர்கிறது. இடைவெளியை நூறில் ஒரு பங்காக்கினால், அதே வோல்ட்டுக்கு விசை பத்து லட்சம் மடங்கு. ஒளிப்பட முறையில் மைக்ரோமீட்டர் மின்முனைகளைச் செதுக்கும் கலை சிலிக்கான் தொழிலிலிருந்து வந்து சேர்ந்தபோது, ஆயிரக்கணக்கான வோல்ட் தேவைப்பட்ட வேலைக்கு 10 வோல்ட் போதுமென்றானது. 2005இல் பெர்க்லியில் சியோ, ஓட்டா, வூ மூவரும் செதுக்கிய மின்முனையே வேண்டாமென்று, ஒளி பட்டால் கடத்தும் பரப்பின்மேல் ஒளிப்படங்களை வீழ்த்தி, ஏறத்தாழ 1.3 சதுர மில்லிமீட்டரில், துகள்களைப் பிடித்துவைக்கும் 15,000 பொறிகளை உண்டாக்கினார்கள்.

துகளின் அளவு கேட்கும் விலை

டைஎலக்ட்ரோஃபோரசிஸின் வலிமை துகளின் கன அளவைப் பொறுத்தது. ஆரத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் விசை ஆயிரத்தில் ஒன்று. உராய்வு பத்தில் ஒன்றாக மட்டுமே குறைவதால் வேகம் நூறில் ஒன்று. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 50 மைக்ரோமீட்டர் இடைவெளியில் 10 வோல்ட், 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உயிரணு: விசை சுமார் 200 பிக்கோநியூட்டன், வேகம் வினாடிக்கு இரண்டு மில்லிமீட்டர் வரை போகலாம். நல்ல ஓட்டம். அதே இடத்தில் 50 நானோமீட்டர் ஆரமுள்ள, பெரிய வைரஸ் அளவான துகளை வைத்தால் வேகம் பத்தாயிரத்தில் ஒன்றாகி, வினாடிக்கு 0.2 மைக்ரோமீட்டராகிறது. அதே ஒரு வினாடியில் வெப்ப அலைச்சல் அந்தத் துகளை ஏதோ ஒரு பக்கம் 3 மைக்ரோமீட்டர் இழுத்துப் போய்விடும். நம் விசை கிசுகிசுப்பு, வெப்பம் பேரிரைச்சல். வைரஸையும் நானோதுகளையும் இந்த முறையில் பிடிப்பவர்கள் ஒரு மைக்ரோமீட்டர் வரையான இடைவெளிகளுக்கும் கூர்முனைகளுக்கும் போவது இதனால்தான்.

மின்புலத்தை ஏற்றிக்கொண்டே போனால் என்ன? வெப்பம் குறுக்கே வரும். உடல் திரவம் போன்ற உப்புநீரில் சென்டிமீட்டருக்கு 100 வோல்ட் கொடுத்தால், வெப்பம் வெளியேற வழியில்லாதபோது வெப்பநிலை வினாடிக்கு ஏறத்தாழ 38 டிகிரி ஏறும். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு உப்பு கரைந்த நீரில் அதே புலத்துக்கு வினாடிக்கு அரை டிகிரிகூட ஏறாது. 50 மைக்ரோமீட்டர் ஆழக் கால்வாயிலிருந்து வெப்பம் சுவருக்குப் போய்ச்சேர 20 மில்லிவினாடி அளவே ஆகும் என்பது ஆறுதல். உயிரணுவைக் காப்பாற்ற உப்பைக் குறைத்து, சவ்வு வெடிக்காமல் சர்க்கரை சேர்த்து ஈடுகட்டுவார்கள். உப்பு நிறைந்த நீரில் அணுக்கள் பெரும்பாலும் எல்லா அதிர்வெண்ணிலும் விலகத்தான் செய்யும் என்பதால், ஈர்த்துப் பிடிக்கவும் இந்த மெல்லிய கரைசல் வேண்டியிருக்கிறது. அங்கேயும் எல்லை உண்டு. சவ்வின் குறுக்கே ஏறத்தாழ ஒரு வோல்ட் விழுந்தால் அதில் துளைகள் திறக்கும். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள அணுவுக்குச் சென்டிமீட்டருக்கு 700 வோல்ட்டை நெருங்கும்போதே அது நடக்கலாம். மருந்தோ மரபணுவோ உள்ளே செலுத்த விரும்புபவருக்கு அதுவே வழி. அணுவைக் காயமின்றி நகர்த்த விரும்புபவருக்கு அதுவே ஆபத்து.

நேர்திசை மின்னோட்டத்தில் மின்னாற்பகுப்பும் சேர்ந்துகொள்ளும். மின்முனையில் எழும் ஒரு குமிழி நுண்கால்வாயை அடைத்தால் சோதனை அத்தோடு முடிந்தது. பெரும்பாலும் மின்முனைகளைக் கால்வாய்க்கு வெளியே, திறந்த கிண்ணங்களில் வைப்பது இதற்காகத்தான்.

துகள்கள் கூடிய இடம்

1990களில் ஒரு விந்தை நுண்ணோக்கிகளில் தெரிந்தது. தட்டை மின்முனைகளுக்குச் சில வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்து, அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தால், நுண்துகள்கள் மின்முனைகளின் பரப்பின்மேல் போய்க் கூடின. மின்புலம் வலுத்திருப்பது மின்முனைகளின் ஓரத்தில். துகள்களோ அங்கே நிற்கவில்லை. டைஎலக்ட்ரோஃபோரசிஸ் கொள்கைப்படி அது நடக்கக் கூடாது.

1998–99இல் ராமோஸ், மோர்கன், கிரீன், காஸ்டெயானோஸ் ஆகியோர் விடையைக் கண்டார்கள். நகர்ந்தது நீர். மின்முனையின் மேலும் அயனி மூட்டம் உருவாகிறது. அதன் மின்சுமையை உண்டாக்குவது மின்முனையின் மின்னழுத்தமே. மின்புலத்தின் கிடைக்கூறு அந்த மூட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அரைச்சுற்று கழித்து மின்னழுத்தம் திரும்பும்போது மூட்டத்தின் குறியும் திரும்புகிறது, புலத்தின் திசையும் திரும்புகிறது. இரண்டும் ஒன்றாகத் திரும்புவதால் தள்ளும் திசை மாறுவதில்லை. நீர் எப்போதும் ஓரத்திலிருந்து மின்முனையின் உட்பக்கமாகவே ஓடுகிறது; ஓட்டம் ஓய்ந்த இடத்தில் துகள்களை விட்டுவிடுகிறது. அதிர்வெண் மிகக் குறைந்தால் மூட்டம் புலத்தை முழுதும் மறைத்துவிடும். மிக அதிகமானால் மூட்டம் உருவாக நேரமிருக்காது. நடுவில் எங்கோ ஓட்டம் உச்சம் தொடும். மறு ஆண்டே, 2000இல், அர்மான் அஜ்தாரி சமச்சீரற்ற மின்முனைகளை வரிசையாக அடுக்கினால் இதே விளைவு ஒரு பம்பாக வேலை செய்யும் என்று கணித்தார். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத பம்பு, சில வோல்ட்டில்! உப்பு கூடினால் அது சோர்ந்துவிடும் என்பதுதான் குறை.

அன்றிலிருந்து கவனமான ஆய்வாளர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்கிறார்கள். துகள் நகர்வதைக் கண்டால், உடனே வேறு அளவுள்ள துகள்களையும் அதே கால்வாயில் விடுவார்கள். டைஎலக்ட்ரோஃபோரசிஸ் என்றால் இரண்டு மடங்கு பெரிய உருண்டை நான்கு மடங்கு வேகமாகப் போக வேண்டும். நீரோட்டம் என்றால் சிறியதும் பெரியதும் தோளோடு தோள் சேர்ந்தே போகும். பிறகு அதிர்வெண்ணை மாற்றுவார்கள், உப்பை மாற்றுவார்கள். மின்சுமையற்ற சாயம் ஒன்றைக் கலந்து, அது எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்ப்பார்கள். சாயத்துக்கு மின்புலத்தோடு எந்த வழக்கும் இல்லை. அது நகர்ந்தால் நகர்ந்தது நீர்.